தாடைக்காரர் வீட்டு ஈரல்

முள்ளு பத்துல நின்னுச்சு. நிக்கட்டும்னு தவசி சிமெண்ட் மூட்டை மேல உக்காந்தான். நாலாவது மாடி, வடக்குப் பாத்த வீட்டோட குளியலறை. செவுத்துல காடி வெட்டி, பைப்பு பதிச்சு, வாயெல்லாம் மூடி போட்டு அடைச்சு, கைப்பம்பால தண்ணிய இறுக்கி ஏத்தியாச்சு. இனி ரெண்டு மணி நேரம் அழுத்தம் காட்டுற அந்தக் கேஜு முள்ளப் பாக்கறதுதான் வேலை. எறங்குனா எங்கயோ ஒழுகுது. எறங்கலைன்னா கொத்தனார் பூசிருவாரு, டைல்ஸ்காரன் ஒட்டிருவான், அதுக்கப்பறம் இந்தப் பைப்ப எந்த மனுசனும் பாக்கப் போறதில்ல. ப்ளம்பர் வேலையிலயே தவசிக்கு ரொம்பப் பிடிச்சது இந்த ரெண்டு மணி நேரம்தான். சும்மா உக்காந்திருக்கலாம், கேட்டா டெஸ்ட்டு போட்டிருக்கேன்னு சொல்லலாம். இன்னைக்குப் பிடிக்கல. மணி பத்தாச்சு. பதினொண்ணுக்கு சீனியம்மா அத்தை வாடிப்பட்டியில இருந்து பஸ் ஏறி அவன் வீட்டுக்கு வந்துரும். வந்து அவன் பொண்டாட்டி பூமயிலு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து, வயித்துல இருக்கிற பதினோரு வாரத்துப் பிள்ளையக் கலைச்சிருன்னு சொல்லும். மொதப் பிள்ளை மருதிக்கு ஈரல் சீக்கு, அது பூமயிலு வயித்துக் கோளாறு, ரெண்டாவதும் அப்படித்தான் வரும், இதுதான் அத்தை கணக்கு. சொந்தக்காரங்க அத்தனை பேருகிட்டயும் சொல்லி முடிச்சிருச்சு. கோளாறு பூமயிலுகிட்ட இல்ல, தவசிகிட்டன்னு சொல்ற பேப்பரு மூணு வாரமா அவன் டூல்ஸ் பையில, டேப்பு டப்பாவுக்கு அடியில, நாலா மடிச்சுக் கெடக்கு. ரிப்போர்ட் வந்துச்சான்னு பூமயிலு கேட்டப்ப இன்னும் வரலைன்னு சொன்னான். ரெண்டாவது தடவையும் அதையேதான் சொன்னான். மூணாவது தடவை அவ கேக்கல.

முள்ளு பத்துலயேதான் நிக்கிது. அந்தப் பேப்பர விரிச்சுப் பாக்க வேணாம், மனப்பாடமாயிருச்சு. ஒரு ஜீனு, அதுல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு, அம்புட்டுதான். ஒரு எழுத்து விட்டதுக்கு இம்புட்டுப் பாடான்னு மருதியப் பாக்கற டாக்டர் ஃபர்சானாகிட்ட கேட்டான். அந்தம்மா சிரிக்காம மருந்துச் சீட்டுக்குப் பின்னால ஒரு படம் போட்டாங்க. கரு உண்டாகி மூணு நாலு வாரத்துல, பிள்ளை அரிசி மணி தண்டி இருக்கும்போதே, நெஞ்சு துடிக்க ஆரம்பிச்சிருமாம். அப்ப ஈரலுன்னு ஒண்ணு கெடையாது. நெஞ்சுக்குக் கீழ கொடலு வெறும் கொழாயாக் கெடக்கும். நெஞ்சு பக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு தகவலு அனுப்பும். கிட்டக்க கெடக்கிற செல்லுங்களுக்குத்தான் அது எட்டும். எட்டுனதும் அதுங்களுக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த ஜீனு சிலது முழிச்சுக்கும். இனி நாம கொடலு இல்ல, ஈரலுன்னு அதுங்க மொளைவிட்டு, பக்கத்துச் சதைக்குள்ள விரலு விரலா பூந்து போகும். தள்ளிக் கெடந்ததுக்குத் தகவலு எட்டாது, கொடலாவே இருந்துரும். தவசிக்கு இது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு. சைட்டுலயும் அப்படித்தான். சூப்பர்வைசரு பக்கத்துல நிக்கிறவன்தான் வேலை செய்வான். யாரு மேஸ்திரின்னு கேட்டான். மேஸ்திரி கெடையாதுங்கன்னாங்க. ஒவ்வொரு செல்லு பையிலயும் மொத்த வீட்டுக்கும் உண்டான பிளான் முழுசா இருக்காம், ஆனா அது அதுக்கு உண்டான பக்கத்த மட்டும்தான் பிரிச்சுப் படிக்குமாம். ஈரலு ஈரல் பக்கத்த, கண்ணு கண்ணு பக்கத்த. தவசி அசந்துபோனான். மேஸ்திரி இல்லாம, எல்லாத்துக்கும் முழுப் பிளானையும் குடுத்து, மதுரையில ஒரு சைட்டு நடந்திருந்தா கக்கூஸ் தண்ணி சாமி ரூமுல வந்திருக்கும். இருபத்தி ரெண்டு வயசுல, பகல்ல பைப்பு தூக்கிட்டு, ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது படிச்சப்ப சயின்ஸ் வாத்தியார் ஈரலுக்கு அரை போர்டு படம் போட்டாரு. உடம்புலயே பெரிய தொழிற்சாலைன்னாரு. இது பரீட்சைக்கு வருமான்னு கேட்டாய்ங்க. வராதுன்னாரு. எல்லாரும் நோட்ட மூடிட்டாய்ங்க. அவனும்தான் மூடுனான். இப்ப வந்து நிக்கிது பரீட்சைக்கு.

பிளானெல்லாம் சரிதான், தப்பு எங்கன்னா பித்தநீர் லைன்லதான். ஈரலு உருவான பிற்பாடு, ரெண்டு மாசத்துக்கு மேல, உள்ள ஓடற ரத்தக் கொழாய சுத்தி செல்லுங்க வட்டமா வந்து நிக்குமாம். அதுல ஒண்ணு பக்கத்துல இருக்கிறதுகிட்ட கைய நீட்டணும். அது பிடிச்சுக்கணும். பிடிச்சதுதான், நான் கொழாயாயிக்கிறேன்னு வளைஞ்சு பித்தநீர் போற லைனா மாறும். அந்தக் கை செய்யச் சொல்ற ஜீனுதான் அவன்கிட்ட அரைகொறை. அப்பன் குடுத்தது ஒண்ணு, ஆத்தா குடுத்தது ஒண்ணுன்னு ரெண்டு இருக்கணும், ஒண்ணு மட்டும்தான் வேலை பாக்குது. அப்ப பாதிக் கைதான் நீளும். பாதிக் கை நீண்டா பாதி லைன்தான். பித்தநீர் போக வழியில்லாம தேங்கி, மேலுக்கு ஏறி, கண்ணு மஞ்சளாயி, தோலு அரிச்சு. அதுக்கு மேல அந்தம்மா சொல்லச் சொல்ல அவன் காதுல விழல. அவன் மனசு அந்தக் கையிலயே நின்னுருச்சு. நீட்டுற கை. இருட்டுக்குள்ள, கண்ணு இன்னும் தெறக்காத ஒரு உசுருக்குள்ள, பக்கத்துல நிக்கிறவன் கைய நீட்டுவானான்னு காத்துக்கிட்டு நிக்கிற ஒரு செல்லு. அது இப்பத்தான் நடக்குது. பதினோரு வாரம்னா இப்ப, இந்த மணிக்கு, பூமயிலு கோயில் கடைப் பக்கம் காய் வாங்கிட்டு நடந்து வந்துக்கிட்டிருப்பா, உள்ள லைன் போட்டுக்கிட்டிருக்கும். போய்ப் பாக்க முடியாது. காடியத் தெறந்து பாக்க முடியாது. தப்பு நடந்தா கையப் பிடிச்சு, ஏய் இங்க ஒரு டீ ஜாயிண்டு விட்டுட்ட பாருன்னு சொல்ல முடியாது. இருபது வருசமா செவுத்துக்குள்ள லைன் போடறவன், சொந்தப் பிள்ளை லைனுக்கு வெளிய உக்காந்திருக்கான்.

"என்னப்பா, முள்ளப் பாத்துக்கிட்டே இருந்தா அது ஒனக்குப் பொண்ணு குடுக்குமா?" கொத்தனார் குருவையா வாசல்ல நின்னாரு. கரண்டியத் தொடையில தட்டிக்கிட்டு. கலவை போட்டாச்சாம், எறுகிப் போயிருமாம். தவசி பன்னெண்டு மணி வரைக்கும் தொடக்கூடாதுன்னான். கலவையக் கூட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னான். குருவையா அவன் மூஞ்சிய ஒரு நிமிசம் உத்துப் பாத்துட்டு, என்ன இன்னைக்குத் தாடை இன்னும் கூரா இருக்கு, வீட்டுல சண்டையான்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம அடுத்த ரூமுக்குப் போயிட்டாரு.

தாடை. அதான வெனை. வாடிப்பட்டிப் பக்கம் போயி தவசிங்கற பேரச் சொன்னா தெரியாது. தாடைக்காரர் வீட்டுப் பையன்னு சொன்னா வீட்டு வாசல் வரைக்கும் கூட்டியாந்து விட்டுருவாய்ங்க. அகல நெத்தி, உள்ள போன கண்ணு, கீழ வரவரச் சிறுத்து மாங்கொட்டை மாதிரி முடியிற தாடை. தாத்தாவுக்கு இருந்துச்சு, அப்பாவுக்கு இருந்துச்சு, அத்தைக்கு இருக்கு. கோயில் கெடா வெட்டுக்கு எல்லாரும் வரிசையா உக்காந்தா ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். அதுல அவங்களுக்குப் பெருமைன்னா பெருமை. பிள்ளை பொறந்த பதினாறாம் நாள் பேரு விடும்போது அந்த வீட்டுப் பொம்பளைல மூத்தவ பிள்ளையோட தாடையில சந்தனம் வச்சு, மூணு தரம் தடவி, வந்துட்டான் வீட்டாளுன்னு சொல்லணும். தாடை சரியா அமையாத பிள்ளைக்கு நெத்தியில வச்சு விட்டுருவாங்க, அதுக்குச் சத்தமும் இருக்காது. மருதிக்கு அத்தைதான் வச்சுச்சு. இம்புட்டு அச்சா அம்பது வருசத்துல ஒண்ணு வரலடான்னு தெருவுக்கே கல்கண்டு குடுத்துச்சு. அப்ப பிள்ளை கண்ணு லேசா மஞ்சளாத்தான் இருந்துச்சு. எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறதுதான்னு காலை வெயில்ல காட்டுனாங்க, கீழாநெல்லிய அரைச்சுப் பூமயிலக் குடிக்க வச்சாங்க. ஆறு வருசம் கழிச்சு டாக்டர் ஃபர்சானா அதே தாடையில ஒரு விரல வச்சு, நெத்திய ஒரு தரம் பாத்து, இந்த மூஞ்சி இந்த சீக்குக்கு உண்டான மூஞ்சிங்க, புஸ்தகத்துலயே போட்டிருக்குன்னாங்க. புஸ்தகத்துல. அவிங்க வீட்டு மூஞ்சி. யாரோ பிரான்சு தேசத்து டாக்டரு ஒருத்தரு பேர அதுக்கு வச்சிருக்காங்களாம். அவருக்கு வாடிப்பட்டின்னு ஒரு ஊரு இருக்கறதே தெரிஞ்சிருக்காது. சீக்குக்குக் கல்கண்டு குடுத்து வரவேத்த குடும்பம் ஒலகத்துல இது ஒண்ணாத்தான் இருக்கும்.

அந்தப் பேப்பர் வந்த அன்னைக்கு அவனையும் பரிசோதிச்சாங்க. நெஞ்சுல கொழாய வச்சுக் கேட்டுட்டு, உங்களுக்கும் ஒரு முணுமுணுப்பு இருக்குன்னாங்க. முப்பத்தாறு வருசமா முணுமுணுத்துக்கிட்டு இருந்திருக்கு, அவன்தான் காது குடுக்கல. முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு ஒண்ணு ரெண்டாப் பொளந்து பட்டாம்பூச்சி ரெக்கை மாதிரி இருக்காம், பேரே அதுதானாம். பட்டாம்பூச்சிய முதுகுல வச்சுக்கிட்டு ஐநூறு லிட்டர் தண்ணி டேங்க நாலு மாடி தூக்கியிருக்கான். அது பறக்கலையேன்னு நெனச்சுக்கிட்டான். ஈரல் எப்படி இருக்குன்னா, ஈரல் நல்லாத்தான் இருக்காம். அதே எழுத்து, அதே பாதிக் கை, ஆனா அவனுக்கு லைன் எப்படியோ போட்டு முடிச்சிருக்கு. ஏன் எனக்கு விட்டுட்டு மருதிக்குப் பிடிச்சுச்சுன்னு கேட்டான். தெரியாதுங்க, ஒரே வீட்டுலயே ஒருத்தருக்கு ஒரு மாதிரி வரும்னாங்க. ரெண்டாவது பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி. வேணும்னா பதினொண்ணுல இருந்து பதினாலு வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடியில ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கலாம். இருக்கா இல்லையான்னு சொல்லலாம், இருந்தா எம்புட்டுன்னு சொல்ல முடியாது. இந்தத் துணுக்கு விசயத்த அந்தம்மா போன மாசம் பூமயிலு கூட இருந்தப்பயே சொன்னாங்க. பூமயிலு கேட்டுக்கிட்டு, எடுக்கலாங்க, ஆனா எதுக்கு எடுக்கறோம்னு இவரு மொதல்ல சொல்லணும்னு சொல்லி அவன் பக்கம் திரும்புனா. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிட்டான். அதுக்கு வெளிய ஏசிக்கு உண்டான கொழாயத் தண்ணி எறங்க வாட்டம் இல்லாமப் போட்டிருந்தாய்ங்க, அதப் பாத்துக்கிட்டிருந்தான்.

பத்து இருபது. முள்ளு அசையல. எதுக்குச் சொல்லாம இருக்கேன்னு தவசி தன்னையே கேட்டான், முந்நூறாவது தடவையா. வெக்கமா? வெக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. மருதி அரிக்குதுப்பான்னு ராத்திரி எந்திரிக்கிறதப் பாத்துட்டு, அரை இஞ்சு பைப்புத் துண்ட உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேச்சு அவ முதுகு சொறிய அவன்தான் செஞ்சு குடுத்தான். நகம் பட்டா ரத்தம் வந்துரும். அதக் கையில எடுத்து அவ முதுகுல இழுக்கும்போது, இத ஒனக்குக் குடுத்தவனே நான்தாண்டி, பைப்ப இல்ல, அரிப்பன்னு தோணும். ஆனா வெக்கத்த முழுங்கிரலாம். பூமயிலுகிட்ட திட்டு வாங்கிரலாம். பள்ளிக்கூடத்துல மருதிய எலுமிச்சன்னு கூப்புட்டாய்ங்களாம். எலுமிச்சதான், வா, ஒன் கண்ணுல பிழியறேன்னு சொல்லி ஒருத்தன அழ வச்சுட்டு வந்துருக்கா. டீச்சரு இவனக் கூப்புட்டு ஒங்க பிள்ளை வாய்க்கு ஒரு மூடி போடுங்கன்னாங்க. மூடி நம்மகிட்ட நெறைய இருக்கு டீச்சர், அந்த சைசு கெடையாதுன்னு சொல்லிட்டு வந்தான். ஆறு வயசுல அதுக்கு இருக்கிற தைரியத்துல பாதி இருந்தாப் போதும், இன்னைக்குச் சொல்லிரலாம். மாட்டிக்கிறது அங்க இல்ல. மாட்டிக்கிறது அத்தைகிட்டதான். ஒவ்வொரு தடவையும் நெனப்பு அங்க போயி மோதி நின்னுருது.

அவன் ஆத்தா அவன் ரெண்டு வயசுல செத்துப்போச்சு. வளத்தது அத்தைதான். அப்ப அத்தை கட்டிக் குடுத்த வீட்டுல இருந்து திரும்பி வந்திருந்துச்சு. அதுக்கு ரெண்டு பிள்ளை பொறந்து, ரெண்டும் மஞ்சளாப் போயி, ஒண்ணு மூணு மாசத்துலயும் ஒண்ணு நடக்க ஆரம்பிச்சப்பயும் போயிருச்சு. புருசன் வீட்டுல வயித்துல கோளாறுன்னு சொல்லி வாசல்ல நிக்க வச்சு அனுப்பிட்டாய்ங்க. அத்தை நம்பல. அதுக்கு அது ஒரு காரணம் கண்டுபிடிச்சு வச்சிருந்துச்சு. ஓரகத்தி ராமுத்தாயி வாசப்படிக்கு அடியில செய்வினை வச்சிட்டா. அந்த ஒரு காரணத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாப்பது வருசம் நிமிந்து நடந்துச்சு, தவசியத் தூக்கி வளத்துச்சு, தாடையில சந்தனம் வச்சுச்சு. ராமுத்தாயி இருந்த தெருவுல காலு வைக்காது. அவ வீட்டு விசேசத்துக்குப் போனவங்க வீட்டுல தண்ணி குடிக்காது. இப்ப இவன் போயி, அத்தே, அது ராமுத்தாயி இல்ல, அது நம்ம தாடைதான்னு சொல்லணும். அவ வச்ச செய்வினை இல்ல, நம்ம தாத்தன் குடுத்த எழுத்துன்னு சொல்லணும். சொன்னா பூமயிலு நிமிருவா. அத்தைக்கு நிக்க எடமில்லாமப் போயிரும். ஒரு பொம்பளைய எறக்கித்தான் இன்னொரு பொம்பளைய ஏத்தணுமா. இந்த நெனப்பு வந்ததும் கேஜு, முள்ளு எல்லாம் மங்கலாயி, அவன் பேசாம பைப்பு மூடிய ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்க ஆரம்பிச்சான். ஈரம் இல்ல. எல்லாம் காஞ்சு கெடக்கு. ஆனா ஒண்ணு. அத்தை பூமயிலப் பாத்துச் சொல்றது என்ன. வயித்துல கோளாறு. அத்தையப் பாத்து அதும் மாமியா சொன்னது என்ன. அதே வார்த்தை. வார்த்தைக்கும் வாரிசு உண்டு போலருக்கு. அதுக்கு எந்த டாக்டரும் ரத்தம் எடுத்துப் பாக்கறதில்ல.

பதினொண்ணு அஞ்சுக்குப் போன் வந்துச்சு. பூமயிலுதான். அத்தை வந்துட்டாங்கன்னா. எப்ப வருவீங்கன்னா. டெஸ்ட்டுல இருக்கேன், முள்ள விட்டுட்டு வர முடியாதுன்னான். சரின்னா. அவ சரிங்கறதுல நாலஞ்சு வகை உண்டு. அவ பைப்புக் கடையில பில்லு போட்டுக்கிட்டிருந்த காலத்துல இருந்தே அவனுக்கு அது பழக்கம். அளவு மாத்திச் சொன்னாலும் சரிம்பா, பொருளு மாத்திக் கேட்டாலும் சரிம்பா, பில்லப் பாத்தாத்தான் தெரியும் எந்தச் சரின்னு. இது அவன் இதுக்கு முன்னால கேட்டதில்லாத சரி. போன வச்சுட்டா.

குருவையா மறுபடி வந்தாரு. இந்தத் தடவை பீடியோட, கோவம் கொறைஞ்சு. பக்கத்து மூட்டையில உக்காந்துக்கிட்டு, முள்ளு நிக்கிதேப்பா, பூசிரட்டுமான்னாரு. இன்னும் அம்பது நிமிசம்னான். நீ எதுக்கு இம்புட்டுப் பாக்குறன்னாரு. அவருக்கு ரெண்டாவது மாடி ஒழுகல் ஞாபகம் வந்துருச்சு. சித்திரையில ஒரு வீட்டுல செவுரு பூத்து ஈரம் வந்தப்ப எல்லாரும் டைல்ஸ்காரனப் பிடிச்சு ஏசுனாய்ங்க. அவன் எம்மேல தப்பில்லைன்னு சாமி மேல சத்தியம் பண்ணிக்கிட்டு நின்னான். தவசிதான் சுத்தியல எடுத்துக்கிட்டுப் போயி, நகருங்கப்பா, அது என் ஜாயிண்டுதான்னு சொல்லி, தான் போட்ட லைன தானே ஒடைச்சுக் காட்டுனான். "ஒன்ன நம்பி நான் கண்ண மூடிக்கிட்டுப் பூசுவேன்," ன்னாரு குருவையா, பீடிய அணைச்சுக்கிட்டே. "ஒழுகுனா ஒழுகுனதுன்னு நீயே வந்து சொல்லிருவ. ஒனக்கு அந்தப் புத்தி இருக்கு." அவரு சும்மாத்தான் சொன்னாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு.

தவசி அப்படியே உக்காந்திருந்தான். ஒரு டைல்ஸ்காரனுக்காக எந்திரிச்சவன். அவன் பேருகூட இப்ப ஞாபகமில்ல, பீகாரா ஒடிசாவான்னுகூடத் தெரியாது, அவனுக்காகச் செவுத்த ஒடைச்சவன், மூணு வாரமா பூமயிலு முன்னால பூசி மூடிக்கிட்டு உக்காந்திருக்கான். அவளுக்கு இன்னைக்கு ஏசு விழுது. இந்த நிமிசம் விழுது. அவ சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வாங்கிக்கிட்டிருப்பா, மருதி தரையில உக்காந்து ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கும். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் புரியும். தான் வந்த மாதிரி இன்னொண்ணு வரக்கூடாதுன்னு அத்தை சொல்றது அதுக்கு எப்படிக் கேக்கும். ஒன்ன மாதிரி இன்னொண்ணு வேணாம்னுதான் கேக்கும். அங்கதான் தவசிக்குச் சுருக்குன்னுச்சு. வேணாம்னு யாரு சொல்றது. யாரு வேணாம்னு சொல்றது. இந்த மூஞ்சி வேணாமா. பட்டாம்பூச்சி முதுகு வேணாமா. பாதிக் கையோட கட்டுன ஈரலு முப்பத்தாறு வருசம் ஓடியிருக்கு, கள்ளு குடிச்ச காலத்துலகூட ஓடியிருக்கு. சைட்டுக்குப் பத்து பேரு வர வேண்டிய எடத்துல அஞ்சு பேரு வந்தா வேலை நின்னா போகுது, இழுத்துப் பிடிச்சு நடக்கத்தான் செய்யுது. மருதிக்கு நடக்கல, அவளுக்கு மருந்து இருக்கு, மருந்து பத்தலைன்னா ஈரல மாத்துவாங்களாம், அதுக்கும் ஒரு நாள் வந்தா வரட்டும், எவன் ஈரல்ல இருந்து வெட்டுவாங்கன்னு அன்னைக்குப் பாத்துக்கலாம். உள்ள இருக்கிறது எந்தப் பாதின்னு தெரியாது. தெரியலைன்னா என்ன. கை நீட்டுற செல்லுக்கும்தான் பிடிப்பானான்னு தெரியாது. தெரியாமத்தான் நீட்டுது. இருட்டுல ஒரு அணு தண்டி இருக்கிறதுக்கு இருக்கிற நெஞ்சுரம் ஆறடி ஆம்பளைக்கு இல்லைன்னா அந்த பிளான்ல வேற எங்கயோ எழுத்து விட்டுப்போயிருக்குன்னுதான் அர்த்தம். அவன் போன எடுத்தான்.

"சொல்லுங்க," ன்னா பூமயிலு.

"அந்தப் பேப்பரு வந்து மூணு வாரமாச்சு. எங்கிட்ட இருந்துதான் போயிருக்கு பூமயிலு. ஒங்கிட்ட ஒண்ணுமே இல்ல. ஒன் வயிறு சுத்தம். எல்லாம் என் பக்கம்."

அந்தப் பக்கம் குக்கரு ஒரு விசில் அடிச்சு அடங்குச்சு.

"தெரியும்," ன்னா.

"எப்படி?"

"ரிப்போர்ட் ரெடின்னு எனக்கும்தான் மெசேஜு வந்துச்சு. அது வராட்டியும் தெரியும். மொத நாளு டாக்டரம்மா மருதியப் பாத்துட்டு நிமிந்து உங்க மூஞ்சியத்தான பாத்தாங்க, என்னைப் பாக்கவே இல்லையே. கடையில உக்காந்து பில்லு போட்டவ நான். எந்தச் சரக்கு எந்தக் கம்பெனின்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்ல எத்தனை நாளாகும்னு பாத்தேன். இன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும்தான் டயம் குடுத்திருந்தேன். துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சு. எனக்கும் மருதிக்கும்."

தவசிக்கு ஈரக்கொலை ஆடிப்போச்சு. ஸ்பீக்கர்ல போடு, நான் அத்தைகிட்டப் பேசணும்னான்.

"ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். எடுத்ததுல இருந்து."

அப்பறம் அத்தையோட மூச்சு கேட்டுச்சு. அத்தை பேசுறதுக்கு முன்னாடி தொண்டையச் செருமும், அது கேட்டுச்சு. தவசி சொல்ல ஆரம்பிச்சான். அந்தம்மா சீட்டுல போட்ட படத்தச் சொன்னான், எழுத்தச் சொன்னான், தாத்தன்கிட்ட இருந்து வந்ததாத்தான் இருக்கும்னான். எங்க நிறுத்தணும்னு தெரியாம, நிறுத்துனா மறுபடி பேச முடியாதுன்னு, பேசிக்கிட்டே போனான்.

"டேய்," ன்னுச்சு அத்தை நடுவுல. "அப்ப எனக்கும் இருக்கா?"

"இருக்கும் அத்தே. ரத்தம் குடுத்தாத்தான் உறுதியாத் தெரியும். ஆனா இருக்கும்."

"அப்ப என் ரெண்டும்?"

அவன் கண்ண மூடிக்கிட்டான். "அதுவும் இதுதான் அத்தே."

"ராமுத்தாயி ஒண்ணும் வைக்கலையா?"

"வைக்கல."

"நான் பாத்தேன்டா. படிக்கு அடியில மண்ணு புதுசாக் கெடந்துச்சு."

"எலி பறிச்சிருக்கும் அத்தே."

லைன் கட்டாயிருச்சோன்னு தவசி போனப் பாத்தான், ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அத்தை அழும்னு நெனச்சான், ஏசும்னு நெனச்சான், பஸ்ஸுக்குக் கெளம்பிரும்னு நெனச்சான். பேச்சு தானா வாயில வந்துருச்சு. "யாரும் ஒண்ணும் செய்யல. நீயும் செய்யல, ராமுத்தாயியும் செய்யல, பூமயிலும் செய்யல. இனி நம்ம வீட்டுல பொம்பளைங்க வயித்தப் பத்தி யாராவது வாயெடுத்தா நான் மனுசனா இருக்க மாட்டேன். அது நீயா இருந்தாலும் சரி அத்தே." நீயா நானான்னு அதுகிட்டச் சண்டைக்கு நின்னது அவன் வாழ்க்கையில அதுதான் மொதத் தடவை. சொல்லி முடிச்சதும் நெஞ்சுல அந்த முணுமுணுப்பு அவனுக்கே கேட்ட மாதிரி இருந்துச்சு.

"அவ இன்னும் உசுரோடதான் இருக்காளாம்," ன்னுச்சு அத்தை. குரலு கரகரன்னு இருந்துச்சு, ஆனா ஒடையல. "கண்ணு தெரியலையாம். மகன் வீட்டுல திண்டுக்கல்லுல கெடக்காளாம்."

"யாரு?"

"ராமுத்தாயிதான், வேற யாரு. நாப்பது வருசமா அவ மேல மண்ண அள்ளித் தூத்திருக்கேன். சாகறதுக்குள்ள அவகிட்டச் சொல்லணும். இன்னைக்கே சொல்லணும், நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிரும். வண்டிய எடுத்துக்கிட்டு வா."

"நானும் வர்றேன்," ன்னா பூமயிலு. பின்னால இருந்து மருதி நானும்ங்கறது கேட்டுச்சு.

தவசிக்குச் சிரிக்கிறதா என்னன்னு தெரியல. மூஞ்சியத் தோள்பட்டையில தொடச்சுக்கிட்டு, ரெண்டு சக்கர ஓட்ட வண்டி அது, நாலு பேரு அதுல எப்படித் திண்டுக்கல்லு வரைக்கும் போறதுன்னு கேட்டான்.

"நாலு பேரு இல்ல, அஞ்சு," ன்னா பூமயிலு. "ஆட்டோ சொல்லுங்க."